மலை வண்டிக்கு ஏசி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வாடகைக் கார்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிவாரத்தைத் தாண்டியதும், முதல் வளைவு வருவதற்குள், கை தானாகப் போய் ஏசியை அணைத்துவிடும். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம், ஒன்றும் கேட்கமாட்டார்கள். நாம் கேட்டால் சிரிப்பார்கள். "மலைக்கு வந்தப்புறம் ஏசி எதுக்குங்க பாய்? ஜன்னலை எறக்குங்க, ஆண்டவன் போட்ட ஏசி வரும்."

ஆண்டவன் போட்ட ஏசி பாதி மலைக்கு மேலேதான் வேலை செய்யும் என்பது அவர்களுக்கும் தெரியும். மே மாதத்தில் கீழ் வளைவுகளில் அடிப்பது அடுப்புக் காற்று. அவர்கள் பார்ப்பது டீசல் மிச்சத்தை.

என் மனைவிக்கு நரம்பில் ஒரு நோய். உடம்பில் சூடு ஏறினால் கால் துணியாகத் துவண்டுவிடும், கண் மங்கும், கையில் பிடித்த தம்ளர் நழுவும். உடம்பு குளிர்ந்தால் எல்லாம் மெல்லத் திரும்பி வரும். ஏற்காட்டில் பார்ப்பவர்கள் அவளை நோயாளி என்றே சொல்லமாட்டார்கள். ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் எங்கள் எலக்ட்ரிக் சாமான் கடைக்குத் தினமும் நடந்து வருவாள். கல்லாவில் உட்கார்ந்து என்னைவிடக் கறாராக வியாபாரம் பார்ப்பாள். அதே ஆளைக் கோடையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் நாலடி நடக்கமாட்டாள். சூடு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன டாக்டர் இருப்பது சேலத்தில். வெயிலும் அங்கேதான். ஏற்காட்டிலிருந்து அவரிடம் சூடு படாமல் எப்படி வருவது என்று கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிடுவார்.

ஒருமுறை ஏசி கார் என்று கேட்டு வாடகைக்குப் பிடித்து, சேலத்திலிருந்து அதில் திரும்பி வந்தோம். முதல் வளைவிலேயே டிரைவர் அணைத்துவிட்டார். போடச் சொல்லிக் கத்தினேன். "வண்டி சூடாகுமுங்க, ஓனர் திட்டுவாருங்க" என்றார். வண்டி சூடாகக் கூடாது, மனுஷி சூடாகலாம். நாலைந்து வளைவு ஏறுவதற்குள் அவள் சீட்டில் சரிந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினேன். அவள் அழவில்லை, டிரைவரைத் திட்டினாள். நாக்கும் குழறியதால் அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இந்த நிலைமையில் எங்கள் மகளுக்கு நிக்கா கூடியது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, லீவு கிடைப்பது மே மாதத்தில். மண்டபம் சேலத்தில் என்று முடிவு செய்துவிட்டார்கள். மேலே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "எங்க பெரியவங்களுக்கு மலை ஏறுனா நொம்ப வாந்தி வருமுங்க பாய்" என்றார் சம்பந்தி, மாப்பிள்ளையின் அத்தா. அவர்கள் வீட்டு வாந்திக்கு இருந்த மரியாதை என் வீட்டுக் காலுக்கு இல்லை.

என் மனைவியின் அண்ணன் சமாதானம் சொல்ல வந்தார். "தங்கச்சி மேலயே இருக்கட்டும் மச்சான். நிக்கா முடிஞ்ச கையோட பொண்ணு மாப்ளையை நேரா ஊட்டுக்குக் கூட்டியாந்துடறோம். இல்லீன்னா சக்கர நாற்காலி ஒண்ணு சொல்லிடலாம். உக்கார வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிரலாம்."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "வந்து மொகம் பார்த்துட்டுப் போறதுக்கு நான் என்ன குளிப்பாட்டிக் கெடத்துன மய்யித்தாண்ணா?"

எங்கள் பக்கத்தில் நிக்கா முடிந்ததும் பெண்ணின் கையைப் பிடித்து மாமியார் கையில் கொடுப்பது தாய். நின்றுகொண்டு கொடுப்பாள். என் மனைவி கேட்டது அது ஒன்றைத்தான். தன் காலால் மண்டபத்துக்குள் நடந்து போக வேண்டும், நின்றுகொண்டு மகளின் கையைக் கொடுக்க வேண்டும். இது ஒரு பேராசையா?

என்னிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. மாரமங்கலம் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டாரும் பைப்பும் ஏற்றிப் போவேன். சும்மா திரும்பாமல் மிளகு மூட்டையோ காப்பி மூட்டையோ ஏற்றிச் சேலத்தில் இறக்குவேன். அந்த வண்டிக்கு ஏசி போடுவது என்று முடிவு செய்தேன். என் வண்டி என்றால் சுவிட்சில் இருப்பது என் கை.

ஒண்டிக்கடை முழுக்கச் சிரித்தது. டீக்கடையில் ஒருவர், "ஏனுங்க பாய், ஏற்காட்டுல வண்டிக்கு ஏசியா? அப்புறம் ஏரிக்குத் தண்ணி லாரி விடுவீங்களா?" என்றார். எஸ்டேட் ரைட்டர் ஒருவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பார்த்துங்க, குளிர்ல மொளகுக்குச் சளி புடிச்சிக்கும்" என்றார். நான் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. பெண்டாட்டியின் கால் டீக்கடையில் வைத்துப் பேசும் விஷயமில்லை.

சேலத்தில் பழைய வண்டிகளுக்கு ஏசி மாட்டும் பட்டறை ஒன்றைப் பிடித்தேன். கம்ப்ரஸரை எஞ்சினோடு சேர்த்துக் கட்டுவது, ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டர் போல ஒன்றை நிறுத்தி அதற்கு ஒரு ஃபேன் வைப்பது, டேஷ்போர்டுக்குக் கீழே குளிர்க்காற்று வரும் பெட்டி, பைப், கேஸ், இதெல்லாம் என்னால் ஆகாது. ஒயரிங் ஆகும். அதை மட்டும் நானே செய்துகொள்கிறேன் என்றேன். பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊட்டுக்கு ஒயர் இழுக்கறது வேற, வண்டிக்கு வேறங்க பாய். நீங்க கை வெச்சா கேரண்டி கெடையாது."

இந்தக் கேரண்டி என்ற சொல்லை வைத்து எந்த மட்டமான வேலையையும் மூடிவிடலாம். ஒயரிங்கையும் சேர்த்து அவரையே செய்யச் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

வண்டி கைக்கு வந்ததும், நல்ல வெயில் நாளாகப் பார்த்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி ஓட ஓட மலை இறங்கினோம். ஆஸ்பத்திரி வாசலில் அவள் தானே இறங்கினாள். படியேறினாள். மே மாதத்தில் சேலத்தில் அவள் படியேறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"என்ன வேடிக்கை? வண்டியைப் பூட்டிட்டு வாங்க" என்றாள்.

திரும்பி ஏறும்போது கீழ் வளைவு ஒன்றில் ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் எஞ்சின் நின்றது. அந்த வண்டியில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி போய்விடும், மிதி கல் மாதிரி ஆகிவிடும். வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் பஸ். நான் இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டிருந்தாள். வண்டி நின்றது. பஸ் கண்டக்டர் ஓடி வந்து பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஏசிக்குப் போகும் மொத்தக் கரண்டையும், கம்ப்ரஸர், முன்னால் இருக்கும் ஃபேன், உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேன் எல்லாவற்றையும், சாவிக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒயரில் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். தனி ஃபியூஸ் கிடையாது. எஞ்சினுக்கு டீசலைத் திறந்துவிடும் வால்வுக்கும் அதே ஒயர்தான். கரண்ட் இருந்தால் வால்வு திறந்திருக்கும், கரண்ட் நின்றால் மூடிக்கொள்ளும். ஒயர் உருகியது, வால்வு மூடியது, எஞ்சின் செத்தது. வீட்டில் இரவு விளக்குக்குப் போகும் ஒயரில் தண்ணீர் மோட்டாரை எவனாவது மாட்டுவானா? மாட்டினால் என் கடைக்கு வரும் எந்தத் தோட்டக்காரனும் அவனைச் செருப்பால் அடிப்பான்.

அதற்குள் கேபின் கொதித்தது. அவளுக்குக் கால் போய்விட்டது. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, கண்டக்டரும் நானும் அவளைத் தூக்கி பஸ்ஸில் உட்காரவைத்தோம். சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் "பாவம், பாவம்" என்றார்கள். ஏற்காடு வந்து சேரும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக் கடைக்குக் கொண்டுவரச் செய்துவிட்டு, தீய்ந்த ஒயரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் மேசையில் போட்டேன். பட்டறைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மலை ஏறறப்ப ஏசி போட்டீங்களா?"

"மலையில இருக்கறவன் வேற எங்க போடுவான்?"

"அடிவாரத்துல ஆஃப் பண்ணிரணுமுங்க பாய். எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க. நாங்க மாட்டுன வண்டி ஒண்ணுகூட இதுவரைக்கும் இப்படி நின்னதில்ல."

எப்படி நிற்கும்? எல்லோரும்தான் அணைத்துவிடுகிறார்களே. சமவெளியில் வண்டி வேகமாக ஓடும், காற்று அடிக்கும், கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும். அரைகுறை ஒயரும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். மலையில் வண்டி ஊர்ந்து ஏறும்போது எல்லாம் ஓயாமல் ஓட வேண்டும். அப்போது எவனும் ஏசி போடமாட்டான் என்ற தைரியத்தில் ஒயர் இழுத்திருக்கிறார்கள். வண்டியைக் கொண்டுவந்தவன் எங்கிருந்து வருகிறான், எதற்குக் கேட்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அட்ரஸை வாங்கி எழுதியவரும் அதே ஆள்தான்.

"என் சம்சாரம் உள்ள இருந்தாங்க" என்றேன்.

"லேடீஸை ஏனுங்க பிக்கப்புல ஏத்தறீங்க?"

அதற்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து என்னைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

கேரண்டியை அவரிடமே விட்டுவிட்டு, அவர் இழுத்த ஒயரை முழுக்கப் பிய்த்து எறிந்தேன். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் ஒன்று எடுத்தேன். எடுத்த இடத்திலேயே ஃபியூஸ். கம்ப்ரஸருக்கு ஒன்று, ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒன்று என்று தனித்தனி ரிலே வைத்தேன். ரிலே என்பது சின்னப் பெட்டி. சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் அதற்கு உத்தரவு மட்டும் கொடுக்கும், பாரமான கரண்ட் பேட்டரியிலிருந்து வேறு வழியாகப் போகும். டீசல் வால்வின் ஒயரை யாரும் தொடாதபடி தனியாக விட்டேன்.

ஏற்றத்தில் எஞ்சின் திணறும் என்பதும் பொய்யில்லை. அதற்காக மலை முழுக்க ஏசியை அணைக்க வேண்டுமா? ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், கதவை மூடினால் அது அழுந்தி விளக்கை அணைக்கும். கடையில் அது ஒன்று கிடந்தது. அதை ஆக்ஸிலரேட்டர் மிதிக்குக் கீழே பொருத்தினேன். மிதியைத் தரையோடு சேர்த்து அழுத்தினால் கம்ப்ரஸர் மட்டும் நிற்கும். வளைவு தாண்டிக் காலை எடுத்தால் மறுபடி ஓடும். அவ்வளவு நேரத்தில் கேபின் சூடாகிவிடாது. பாரம் ஏற்றி, உச்சி வெயிலில், அடிவாரத்திலிருந்து மேலே வரை ஏசியை அணைக்காமல் ஏறிப் பார்த்தேன். பல தடவை ஏறினேன். ஒவ்வொரு முறையும் வந்ததும் ஒயரைத் தொட்டுப் பார்ப்பேன். சூடே இல்லை.

இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம் இருந்தது. நிக்காவுக்கு முந்தின வாரம், நான் கேட்காமலே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "கீழ போயிட்டுத் திரும்பலாம். நின்னுச்சுன்னா இப்பவே நிக்கட்டும்" என்றாள். நிற்கவில்லை.

நிக்கா அன்று மண்டப வாசலில் அவள் அண்ணன் சக்கர நாற்காலியோடு நின்றார். அதற்கு வெல்வெட் துணி வேறு போர்த்தியிருந்தார். அவள் வண்டியிலிருந்து இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, "அதுல பிரியாணி அண்டாவை வெச்சுத் தள்ளிட்டு வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்து உள்ளே போனாள்.

பெண்களுக்குத் தனிப் பக்கம், அங்கே நடப்பது எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வீடியோக்காரருக்காகக் காத்திருந்து நேரத்தைக் கடத்தினார்கள். எங்கள் தலைக்கு மேல் ஃபேன்கள் வெந்த காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தன. நிக்கா முடிந்து துஆ ஓதும்போது என் காது அந்தப் பக்கத்துக் கதவில்தான் இருந்தது. அப்புறம் மகள் சொன்னாள்: அம்மா நின்றுதான் கையைக் கொடுத்தாளாம். மாமியார் அழுதபோதும் இவள் விடாமல் நின்றாளாம். உள்ளங்கை மட்டும் நெருப்பாக இருந்ததாம்.

நான் வண்டியை முன்பே பின்வாசலுக்குக் கொண்டுவந்து ஏசியை ஓடவிட்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே வந்தாள். கடைசி நாலு எட்டுக்கு மட்டும் என் தோளில் கை வைத்தாள். கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் கல்யாண உடுப்போடு மகள் ஓடி வந்து அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

மண்டப மேனேஜர் வந்தார். "பாய், எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. காம்பவுண்டுக்குள்ள எஞ்சின் ஓட விடக்கூடாதுங்க, ரூல்ஸ்."

"முடியாது" என்றேன்.

"பொகை வருதுங்க, சாப்பிடறவங்க ஒரு மாதிரி பார்க்கறாங்க."

"பொகைக் கொழாய் ரோட்டைப் பார்த்து இருக்குது. உங்க மண்டபத்துல ஏசின்னு போர்டு மட்டும் தொங்குது, அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க. உள்ள நூறு பொம்பளைங்களை வேக வெச்சிட்டு எங்கிட்ட வந்து ரூல்ஸா?"

"சத்தம் போடாதீங்க பாய்."

"போடுவேன்!"

வண்டியின் கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது. குழறல் இல்லாமல், கல்லாவில் உட்கார்ந்து பேசும் அதே குரலில் என் மனைவி சொன்னாள்:

"ஏங்க, அந்தப் பக்கம் போய்ச் சண்டை போடுங்க. புள்ள பேசறது காதுல விழல."

கண்ணாடி ஏறிக்கொண்டது. நான் மேனேஜரின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.