பரிவட்டமும் வாக்குப் பட்டியலும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மனைவியின் அண்ணனிடம் இன்னும் சீக்கிரம் வரும். பர்மாவில், தாகேதா வட்டாரத்தில் இருக்கும் எங்கள் அம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கட்டிய கோயில் அது. கட்டிய ஐந்து குடும்பங்களுக்குத்தான் திருவிழாவில் பரிவட்டம். பரிவட்டம் ஏறிய தலைக்குத்தான் நிர்வாகத்தில் பேச்சு. என் தலைக்கு அது கிடையாது.

நகரத்தின் நடுவே கியாக்டடாவில் நடைபாதையில் மேஜை போட்டு மனு எழுதித் தருவது என் பிழைப்பு. பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், அமெரிக்கா குடியரசான கதையைச் சொல்லும் தடிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆள் வராத நேரங்களில் படித்தேன். ராஜா வேண்டாம், பிறப்பால் யாருக்கும் அதிகாரம் வேண்டாம் என்று மனிதர்கள் உட்கார்ந்து பேசி எழுதி ஒரு நாட்டை உண்டாக்கியிருக்கிறார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக மச்சானிடம் போய், "அஞ்சு வீட்டு ராஜாங்கத்த எப்ப முடிக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் லேசுப்பட்டவர் அல்ல. புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆரம்பத்தில் அங்கேயும் பெரும்பாலும் சொத்துள்ள ஆண்களுக்குத்தான் ஓட்டு, அடிமைகளை வைத்துக்கொண்டே சுதந்திரம் பேசினார்கள் என்றதும் சிரித்தார். கூட்டத்தின் ஆத்திரத்தை ஆறவைக்க இன்னொரு சபை வேண்டும், பழையதை அவசரப்பட்டு இடிக்கக்கூடாது என்று சிலர் வாதாடிய பக்கம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

"இவனுங்க வெவரமான ஆளுங்க மாப்ளே. கட்டுனவனுக்குத்தான் இடிஞ்சா வலிக்கும்."

"கும்புடுறவனுக்கு வலிக்காதா?" என்று கத்தினேன்.

ஒரு வருஷம் நச்சரித்தேன். கடைசியில், பொதுக்கூட்டம் போட்டு, பதினெட்டு வயதான எல்லோரும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். பட்டியலை நானே எழுதினேன். வீடு வீடாகப் போய்ப் பெயர், தகப்பன் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் பர்மிய எழுத்தில் எழுதினேன். பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதையாக 'டோ' போட்டேன். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, தன் பேரையுமா என்று இரண்டு தடவை கேட்டார். எழுதியதைப் படித்துக் காட்டியதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கூட்டம் போட அனுமதி வேண்டும். மனுவோடு வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு, "லிஸ்ட்டையும் சேர்த்துக் குடுங்க சயா" என்று சாதாரணமாகச் சொன்னார். எல்லோரையும் அப்படித்தான் ஐயா என்கிற மரியாதையில் கூப்பிடுவார்.

பைக்குள் கையை விட்டேன். இளைஞர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை. இளவட்டங்கள் வயதை வெளியே சொல்லவே பயந்தார்கள். கோயில் காரியம் என்பதால் என்னிடம் சொன்னார்கள். ஓட்டையே நினைத்துக்கொண்டிருந்த மடையனுக்கு அதுவரை இது உறைக்கவில்லை. முதல் தாளிலேயே மச்சானின் மகன் பெயர் இருந்தது. வயது இருபத்திரண்டு. வீட்டு எண்ணும் இருந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்தேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கோயில் மடப்பள்ளியில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. மச்சான் அடுப்பருகே நின்றார். நடந்ததைச் சொல்லிப் பட்டியலைக் கொடுத்தேன்.

"கூட்டம் வேணாம் மச்சான். அஞ்சு வீடே பாத்துக்கட்டும்."

அவர் மகன் பெயரைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தாளாக அடுப்பில் வைத்தார். ஒரு கேலி வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாஞ் சொன்னதுதான் நடக்குது. ஆனா நல்லா இல்ல மாப்ளே," என்றார்.

புத்தகத்தில் அந்தப் பழைய மனிதர்கள் கூட்டத்துக்குப் பயந்தார்கள். நாங்கள் பயந்தது கூட்டத்துக்கு இல்லை, ஆள் பிடிக்கும் பட்டாளத்துக்கு. அப்படியிருந்தும் வாயை மூட வேண்டிவந்தது கோயிலைக் கும்பிடும் எங்கள் கூட்டத்தாருக்குத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

அந்த வருஷத் திருவிழாவிலும் ஐந்து தலைகளுக்கும் பரிவட்டம் ஏறியது. துணியை எடுத்துக் கொடுத்தது நான்தான். திரும்பி வரும்போது பூக்கார அம்மா கூப்பிட்டார்.

"ஓட்டு எப்ப சயா?"

"பட்டியல் தண்ணியில நனைஞ்சு போச்சும்மா."

"அதுக்கென்ன, மறுபடி எழுதுங்க. நான் இங்கதான இருக்கேன்," என்றார். "எம்பேருக்கு முன்னால அந்த டோவ மட்டும் மறந்துறாதீங்க."