மீன்கள் போன தாய்வீடு

எங்கள் அறையைவிட அந்த மீன்தொட்டி பெரியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். பினாங்கில் கடலை ஒட்டிய தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் மாளிகையில் என் வீட்டுக்காரருக்கு அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாளிகைக்குப் பின்னால் வேலைக்காரர் வரிசையில் எங்களுக்கு ஓர் அறை. கலியாணமாகி வந்த புதிதில், முன்கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தொட்டியின் ஓரமாகக் காலடி வைத்து அளந்தேன். பிறகு அறைக்கு வந்து அளந்தேன். மீன்களுக்குத்தான் இடம் அதிகம்.

செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் கனத்த கண்ணாடி பதித்த தொட்டி அது. சீமைக்குப் போய்வந்த முதலாளி மகன், சின்னத் தவுக்கே, அங்கே எங்கோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டிலும் வேண்டும் என்று கட்டியது. உள்ளே கடல்தண்ணீர். கிழவனைப் போல முறைக்கும் ஒரு பெரிய கலவா, சிவப்புச் செப்பிலிகள், மஞ்சள் கோடு போட்ட சிறுமீன்கள். தண்ணீர் மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தால்தான் அவற்றுக்கு மூச்சு. அதற்காக இவர் கடற்சுவர் ஓரத்தில் இருந்த கைப்பம்பை காலையும் மதியமும் மாலையும் அடித்து மேல்தொட்டியை நிரப்ப வேண்டும். ஒரு வேளை தவறினால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக்கூட நாங்கள் சேர்ந்து போனதில்லை. நான் பக்கத்து அறைப் பெண்களோடு போவேன், இவர் பம்படித்துக்கொண்டிருப்பார். உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, பிறகு உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த அறையில்தான் என் முதல் பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதானே நம் வழக்கம்? ஆனால் அண்ணன் வந்து என்னை அழைத்துப்போகப் பார்த்து வைத்திருந்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை அழவில்லை. இவர் பம்படித்த ஈரத்தோடு வாசலில் வந்து நின்று, "என்ன புள்ள பொறந்திருக்கு?" என்று கேட்டார். உள்ளே இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சுவர், அந்தக் கூரை, அந்தக் கதவின் முனகல் எல்லாமே அன்றிலிருந்து பிடிக்காமல் போயிற்று. மறுபடி உண்டானபோது அம்மா சொல்லி அனுப்பினாள், இதுதான் நமக்குத் தலைப்பிரசவம், இங்கேதான் நடக்க வேண்டும் என்று. அம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில். கடற்சுவரில் நின்றால் அக்கரை தெரியும். தெரிவதுதான் கொடுமை.

ஒன்பதாம் மாதம் நெருங்கும்போது கலவாவின் முதுகில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உப்புக்கல் அளவுதான். இரண்டொரு நாளில் எல்லா மீன்மேலும் ரவை தூவினதுபோல ஆகிவிட்டது. மீன்கள் கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. செவுள் படபடவென்று அடித்தது. சின்னத் தவுக்கே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இது ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி, மீனைத் தின்று வாழ்வது என்றார். உப்பில்லாத நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் உதிரும் என்றும் சொன்னார். நோய்பட்ட மீனைத் தொட்டால் ஆகாது என்று வீட்டுச் சீன வேலையாட்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நானும் இவரும்தான் மிச்சம். இவர் வலையில் பிடித்துக் கொடுப்பார், நான் ஈரத்துணியில் சுற்றி வாங்கி அண்டாவில் விடுவேன். வயிறு அண்டாவின் விளிம்பில் இடிக்கும். உள்ளே இருந்தது பதிலுக்கு ஓர் உதை கொடுக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் என்னை அழைத்துப்போக வந்தார். பெரிய நோன்யாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது மரியாதை என்று அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய நோன்யா என்பது சின்னத் தவுக்கேயின் அம்மா. வீட்டில் எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். எங்களோடு மலாயில் பேசுவார்.

"எங்கே போகிறாய்?"

"அம்மா வீட்டுக்கு. பிள்ளை பெற."

அந்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பந்தாங்" என்றார். பந்தாங் என்றால் விலக்கு, செய்யக்கூடாதது. அவர்கள் வழக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் போய்ப் பிரசவித்தால் அந்த வீட்டுக்குக் கெடுதல் வருமாம். சொந்த அம்மாவுக்கே கேடு கொண்டுபோகிறாயே, உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எங்கள் வழக்கம் நேர்மாறு என்று எனக்குத் தெரிந்த மலாயில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் அறியாமைக்காகத்தான் இரக்கப்பட்டார். போகக்கூடாது என்று சொல்லி அண்ணனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மாலையே இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டுச் சமைத்த கோழி ஒரு கிண்ணம் அறைக்கு வந்தது. கெட்ட எண்ணத்தோடு பூட்டி வைத்தவர்களோடு சண்டை போடலாம். கோழிக்கறி கொடுத்துப் பூட்டி வைத்தால் என்ன செய்வது?

இவரிடம் கத்தினேன். "நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது புள்ள? இந்த நேரத்துல அந்தம்மா மனசு நொந்துச்சுன்னா, மீன் செத்தா அதுக்கும் நம்மளத்தான் சொல்லுவாங்க. மீனு தேறட்டும் லா. நானே கேக்குறேன்."

மீன் தேறட்டும். அதன்பிறகு அந்த வீட்டில் என் காலண்டர் அதுதான். காலையில் எழுந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பேன். புள்ளி குறைந்திருந்தால் எனக்குப் பசிக்கும். கூடியிருந்தால் சோறு இறங்காது. முக்கி எடுத்த மீன்கள் சில நாள் பளபளவென்று நீந்தும். நானும் துணிமணிகளை மூட்டை கட்டி வைப்பேன். பிறகு ஒரு காலை, முன்னைவிட இரண்டு பங்காக ரவை. மூட்டையை அவிழ்ப்பேன். மஞ்சள் கோட்டு மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. என்னைத் தாய்வீடு போகவிடாத பாவிகள் என்று அவற்றைத் திட்டியிருக்கிறேன்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று சின்னத் தவுக்கேக்குத் தெரிந்துதான் இருந்தது. பூச்சி மீன்மேலிருந்து தானாகவே உதிர்ந்து, அடிமணலில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே குஞ்சு பொரித்து, மறுபடி மீன்மேல் ஏறுகிறதாம். மீனை மட்டும் கழுவிப் பயனில்லை, தொட்டியைக் காலி செய்து, மணலை அள்ளிக் கொட்டி, சுரண்டிக் காயப்போட வேண்டும் என்றார். சொன்னாரே தவிரச் செய்ய முடியவில்லை. அவர் மனைவியும் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மாடியில் இருந்தாள், எனக்கு ஒரு மாதம் பிந்தி. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சாமானை நகர்த்தக்கூடாது, எதையும் இடிக்கவோ சுரண்டவோ கூடாது, பிள்ளைக்கு ஊனம் வரும் என்பது அவர்களுடைய இன்னொரு பந்தாங். சீமையில் படித்தவர் அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. மாடி மருமகளும் வெளியே வர முடியாமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் துணி காயப்போடும்போது ஒருநாள், "உன் அம்மா வீடு தூரமா?" என்று கேட்டாள். அக்கரையைக் காட்டினேன். அவள் அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி இருந்ததாம். போக முடியாததற்கு இரண்டு தெருவும் ஒரு கடலும் ஒன்றுதான்.

கடைசியில் கலவாவே சாய்ந்து நீந்தத் தொடங்கியதும் சின்னத் தவுக்கேக்குத் துணிச்சல் வந்தது. மணலைத் தொட வேண்டாம், சுரண்ட வேண்டாம், மீன்களை மட்டும் வெளியே எடுத்துவிடலாம் என்றார். தின்ன மீன் இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் பூச்சி பட்டினியால் செத்துவிடும். மீன்களை உப்புக் குறைந்த தண்ணீரில் வைத்தால் அவற்றின்மேல் இருப்பதும் போகும். பெரிய நோன்யா கோயிலுக்குப் போய், பிறைபோன்ற இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்டு வந்தார். உத்தரவு கிடைத்ததாம்: மீன் சாமான் அல்ல, உயிர். உயிர் இடம் விட்டு இடம் போகலாம். தொட்டியில்தான் கை வைக்கக்கூடாது.

நானும் உயிர்தானே என்று கேட்க வாய்வரை வந்தது.

உப்புக் குறைந்த தண்ணீருக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது, என் வீட்டுக்காரர், எதற்கும் வாய் திறக்காத மனிதர், முன்வந்து சொன்னார்: பாகான் டாலாமில் ஆற்றுமுகம் இருக்கிறது, அங்கே மாமியார் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரர் மூங்கில் நட்டு மீன் அடைத்து வைக்கிறார், கேட்டால் இடம் கொடுப்பார். எல்லாருக்கும் சந்தோஷம். காவலுக்கு இவரும் கூடவே போய்த் தங்குவது என்று முடிவாயிற்று.

அறைக்கு வந்து என்னிடம் சொல்லும்போது இவருக்கே குரல் இறங்கிவிட்டது. "ஒங்க அம்மா வீட்டுக்குப் பின்னாலதான் புள்ள. வேற எடம் தோணல."

"நல்ல எடந்தான். போயிட்டு வாங்க. எண்ணெ தேச்சுக் குளிச்சு, எங்கம்மா கையால பத்தியச் சோறு சாப்பிட்டு, ஒடம்பத் தேத்திக்கிட்டு வாங்க. பிரசவத்துக்குத் தாய்வீடு போறவங்க அப்படித்தான் செய்யணும்."

மறுநாள் மரத்தொட்டிகளில் மீன்களை ஏற்றிக்கொண்டு சாம்பான் படகு கிளம்பியது. கலவாவின் தொட்டிக்கு வெயில் படாமல் இவர் தம் சட்டையைக் கழற்றி மூடியிருந்தார். நான் கடற்சுவரில் நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாம்பான் புள்ளியாகிற வரைக்கும் இவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் கை அசைக்கவில்லை.

முன்கூடத்துத் தொட்டியில் தண்ணீர் சும்மா நின்றது. பம்புச் சத்தம் இல்லாமல் பகல் முழுக்கக் காது அடைத்துக் கிடந்தது. இந்த அறையில், இந்தப் பாயில், மறுபடியும் தனியாக. எனக்கு அந்த ஒரு நினைப்பைத் தவிர வேறில்லை. பிள்ளை உதைத்தால் பயம், உதைக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அக்கரையில் நடந்ததை அண்ணன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். மீன்கள் வந்து இறங்கியபோது அம்மா கரைக்கு ஓடி வந்திருக்கிறாள். ஒவ்வொரு மரத்தொட்டியாக இறக்கி முடிகிறவரை சாம்பானையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசித் தொட்டியும் இறங்கியதும், "மீனெல்லாம் வந்திருச்சு. என் பொண்ணு எங்க மாப்பிள்ள?" என்று கேட்டாளாம். இவர் தலை குனிந்தபடி பந்தாங் விவகாரத்தைச் சொல்லியிருக்கிறார். அம்மா விறுவிறுவென்று வீட்டுக்குள் போயிருக்கிறாள். மாற்றுச்சேலையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு படகுத்துறைக்கு நடந்துவிட்டாள்.

பெரிய நோன்யா வாசலிலேயே அவளை நிறுத்தி எதற்கு வந்தாய் என்று கேட்டார். அம்மா பாசார் சந்தையில் கீரை விற்றவள். மலாய் என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

"பொண்ணு தாய்வீட்டுக்கு வந்தாத்தானே பந்தாங். தாய் பொண்ணு இருக்கிற எடத்துக்கு வந்தா?"

பெரிய நோன்யா யோசித்தார். அதற்கு அவரிடம் விலக்கு ஒன்றும் இல்லை. வழி விட்டார். அம்மா அறைக்குள் வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். பாயை எடுத்து வெயிலில் போட்டாள். அடுப்பை இடம் மாற்றினாள். "சனியம் புடிச்ச நெனப்ப விடு. நான் இருக்கேன்" என்றாள். அன்றைக்குத்தான் அழுதேன்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மதியம் வலி எடுத்தது. பார்க்க வந்திருந்த அண்ணன் செய்தி சொல்ல அக்கரைக்கு ஓடினார். மருத்துவச்சி நேரத்தோடு வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் பிறந்தாள். கொஞ்சம் தாமதித்துத்தான் அழுதாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். அழத் தொடங்கியவள் பிறகு நிறுத்தவில்லை. அறைக்கு வெளியே இனி ஒரு மாதம் கால் வைக்கக்கூடாது என்று மாளிகையிலிருந்து உத்தரவு வந்தது. சரி என்றேன். கதவைத் திறந்து வைத்திருந்தால்கூடப் போயிருக்கமாட்டேன்.

விடிந்ததும் முதல் படகில் இவர் வந்துவிட்டார். வலி எடுத்த செய்தி மட்டும்தான் அவருக்குப் போயிருந்தது. காவலுக்கு அண்ணனை உட்கார்த்தி வைத்துவிட்டு, தவுக்கேயிடம் கேட்காமல், மீனை விட்டு வந்திருந்தார். கலியாணமானதிலிருந்து அவர் மீனை விட்டு வந்தது அன்றுதான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். பிள்ளை பால் குடித்து என் பக்கத்தில் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"மீனெல்லாம் நல்லாருக்கு" என்றார்.

எனக்கு எப்படி இருக்கும்? அம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இவர் நிறுத்தவில்லை.

"கலவா ஒடம்புல ஒரு புள்ளி இல்ல. செப்பிலியெல்லாம் எறா தின்னுது. தண்ணி ஒத்துக்கிச்சு. நேத்துத் தவுக்கே ஆள் விட்டுப் பாத்தாரு..."

ஏதோ சுடச்சுடச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் தரையிலேயே இருந்தது. தப்பித்தவறிக்கூடத் துணி கிடந்த பக்கம் திரும்பவில்லை. பேச்சை நிறுத்தினால் அடுத்ததாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டுமே என்று, செப்பிலியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு நின்றார் அந்த மனிதர்.

துணிக்குள் கையை விட்டு, பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினேன். வீறிட்டு அழுதாள். இவர் பேச்சு பாதியில் நின்றது. நிலைப்படியைப் பிடித்தபடியே அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.