நாகமுத்து மாஸ்டர் அடித்துவிட்ட தலைப்பு

செவ்வாய்க்கிழமை காலை, கொடிகாமத்திலிருந்து மரக்கறி கொண்டுவரும் வியாபாரி அச்சகத்து வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "தங்கச்சி, உங்கடை பேப்பரிலை வானத்தைப் பற்றி எழுதுற மாஸ்டர் நேற்றுப் பின்னேரம் மோசம் போயிட்டார்" என்றார். நெஞ்சு நோவு வந்து இறந்துபோனாராம். நான் ஒப்புநோக்கிக்கொண்டிருந்தது அவருடைய கட்டுரையைத்தான்.

வாசகர்களான உங்களில் பலர் அவரைப் பள்ளிக்கூட ஆசிரியர் என்று நினைத்திருப்பீர்கள். நாகமுத்து மாஸ்டர் ரயில் நிலைய அதிபராக, அதாவது ஸ்டேஷன் மாஸ்டராக, இருந்தவர். வானியலை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. இரவுக் கடமையில் ரயிலுக்குக் காத்திருந்த நேரங்களில், நட்சத்திரங்கள் உதிக்கும் நேரத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினார். பிறகு அகராதியும் கையுமாக ஆங்கிலப் புத்தகங்களை வாசித்தார். "ஒவ்வொரு நாளும் நாலு நிமிசம் முந்தி வருகுது. எங்கடை மெயில் ரயில் ஒருநாளும் முந்தி வந்ததில்லை" என்பார். சண்டையால் ரயில்கள் நின்றுபோன பிறகுதான் எங்களுக்கு எழுத வந்தார்.

போன வருடம் மாசி மாதம் நினைவிருக்கும். பொழுதுபட்டதும் மேற்கில் ஒரு பெரிய வெளிச்சம் நிற்கும். வேவு பார்க்கிற விமானம் என்று ஊரெல்லாம் கதை. மூன்று கிழமையாகப் பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் இருந்துதான் இராச்சாப்பாடு சாப்பிடுகிறார்கள், ஈரத்தில் சின்னவளுக்கு இருமல் விடவில்லை, இது என்ன வெளிச்சம் என்று ஒரு தாய் எங்களுக்கு எழுதியிருந்தார்.

மாஸ்டர் அடுத்த நாளே கட்டுரையோடு வந்தார். அது வெள்ளிக் கிரகம். நான் மகிழ்ச்சியோடு, "பயப்பட ஒன்றுமில்லை" என்று தலைப்பிட்டேன். அவர் பேனையை வாங்கி அதை அடித்துவிட்டார்.

"உது வெள்ளி எண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி. ஆனால் உந்தத் திசையாலை நாளைக்கு உண்மையிலேயே ஆமியின்ரை ஹெலிகொப்டர் வந்தால்? என்ரை சொல்லை நம்பி முற்றத்திலை நிண்ட பிள்ளைக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?"

அப்படித் தலைப்பிட்டால்தான் சனம் வாசிக்கும் என்று வாதாடினேன். அவர் பனங்கட்டியைக் கடித்துத் தேநீரைக் குடித்துவிட்டு, மேசையிலேயே இருந்து கடைசிப் பந்தியைத் திருத்தினார். கூரை விளிம்புக்கு நேரே வெளிச்சத்தை வைத்துக் கால் மணி நேரம் பாருங்கள். மெல்லக் கீழே சரிந்தால் வெள்ளி. சட்டென்று நகர்ந்தால் குழிக்குள் இறங்குங்கள் என்று எழுதினார். "வெளிச்சத்தை எப்படிப் பார்ப்பது" என்ற தலைப்போடு, காகிதத் தட்டுப்பாட்டால் கோடு போட்ட கொப்பித்தாளில் அது அச்சாகியது.

அந்தத் தாய் மறுபடியும் எழுதினார். சொன்னபடி பார்த்தார்களாம், சரிந்ததாம், முற்றத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டார்களாம். நாலாம் நாள் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் தோன்றி நகர்ந்திருக்கிறது. எல்லோரும் குழிக்குள் இறங்கிய பிறகுதான் மேலிருந்து துப்பாக்கிச் சூடு விழுந்ததாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கடிதத்தை வாசித்துக் காட்டியபோது மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பங்குனி முடிவில் வெள்ளி மறைந்தது. மாஸ்டர் எழுதினதும் ஆமி லைற்றைக் கழட்டிக்கொண்டு போட்டுது என்று சந்தையில் பகிடி பண்ணினார்கள். "சித்திரையிலை கிழக்காலை கொண்டுவந்து பூட்டுவாங்கள், பாருங்கோ" என்றார் மாஸ்டர். விடிய முன்னம் எழும்பிப் பார்த்தவர்கள், வந்துவிட்டது என்று அவரிடமே போய்ச் சொன்னார்கள்.

வானத்தைப் பற்றி எனக்கு இன்னும் அரைகுறையாகத்தான் தெரியும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். ஒரு தலைப்பை எழுதியதும், அதை நம்பி வெளியே வரப்போகிறவரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிறேன். சிலவேளை அடித்துவிடுகிறேன். சிலவேளை, தயக்கமில்லாமல், பெரிய எழுத்தில் போடுகிறேன்.