ஓட்டை டின் கத்தரி

சங்கரன்கோவிலில் அருமைநாயகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் பற்றவைத்த வாளியில் குளிக்காதவர்கள் ரொம்பக் குறைவு. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பாதையோரம் கரியடுப்பும் ஈயக்கட்டியுமாக உட்கார்ந்து, ஒழுகுகிற குடம், வாளி, ஸ்டவ் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அந்த ஊரில் அடித்துச் சொல்ல ஆள் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஓட்டைக் குடம் வைத்திருப்பது ஒரு மானக்கேடு. தன் வீட்டில் சொட்டு ஒழுகுகிற பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பதில் அவர் மனைவி ஏசுவடியாளுக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தில்தான் அவளுடைய முதல் தோட்டம் செத்துப்போனது.

தோட்டம் போடும் எண்ணம் வந்ததே ஒரு வார்த்தையால்தான். எழுபத்தெட்டாம் வருஷத்து அறுப்பின் பண்டிகை. அன்றைக்குக் கிறிஸ்தவ சபையார் அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து காணிக்கையாகப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பூசணிக்காய், கம்பங்கதிர், பருத்தி, காலைக் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருக்கிற ஏசுவடியாளுக்கு விளைச்சலுக்கு எங்கே போக? வருஷா வருஷம் கடையில் ஒரு தேங்காயை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போவாள். அந்த வருஷம் வரிசையில் அவளுக்குப் பின்னால் ஞானபாய் நின்றாள். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் கிணற்றோடு தோட்டம் உள்ளவள். கெட்டவள் இல்லை. ஆனால் அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“ஏட்டி, கடைக்காரன் வித்தத வாங்கி ஆண்டவருக்குக் குடுக்கியே, அது யாரு காணிக்க?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மேலநீலிதநல்லூரில் புஞ்சைக்காட்டு வீட்டில் பிறந்தவள் ஏசுவடியாள். அந்தப் புஞ்சை இப்போது அண்ணன்மார் கையில் இருந்தது. அவளுக்கென்று ஒரு சாண் மண் இல்லை.  அன்று வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் நின்று, அடுத்த பண்டிகைக்குத் தன் கையால் விளைந்த ஒன்றைக் கொண்டுபோக முடியாவிட்டால் கோயில் படியே மிதிப்பதில்லை என்றாள்.

“எங்கன போட்டு வெளைய வைப்பே, என் தலையிலயா?” என்று கேட்டார் அருமைநாயகம்.

“அங்கனதான் நெறைய எடம் கெடக்கு” என்றாள் அவள். அவருக்கு நல்ல வழுக்கை.

கடைசியில் வீட்டுக்காரரைக் கெஞ்சி மொட்டை மாடியில் இடம் பிடித்தாள். பழைய எண்ணெய் டின் ஐந்தை அருமைநாயகம் கொண்டுவந்தார். சும்மா கொண்டுவருவாரா மனுஷன்? மூலை முடுக்கெல்லாம் ஈயம் வைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ஊசி முனை அளவுக்குக்கூடக் கசியாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினார். ஊருக்கு வெளியே இருந்து கரிசல் மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து நிரப்பினாள் ஏசுவடியாள். கத்தரி விதை போட்டாள். மாடி வெயிலுக்குச் செடி காய்ந்துவிடுமே என்று பயந்து, தான் குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றினாள்.

பாவம், வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண்தான். ஆனால் அவளுக்குக் காட்டைத் தெரியுமே தவிர டின்னைத் தெரியாது. காட்டில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடும். டின்னுக்குள் அது எங்கே போகும்? முளைத்த கன்றுகள் மஞ்சளாகித் தலையைத் தொங்கப் போட்டன. தாகம் போல என்று நினைத்து மறுபடியும் ஊற்றினாள். மண் சாக்கடையாக நாறியது. கன்றெல்லாம் போச்சே என்று அவள் மாடிப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோதுதான், படியில் ஈரம் வழிவது கண்ணில் பட்டது. போய்ப் பார்த்தால், மூலையில் கிடந்த டின் அடியில் ஒழுகுகிறது. வந்த கோபத்தையெல்லாம் புருஷன்மேல் கொட்டினாள். ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிறவருக்கு வீட்டு டின்னை ஒழுங்காக அடைக்கத் தெரியவில்லையா என்று கேட்டாள்.

தொழிலைச் சொன்னால் அருமைநாயகத்துக்குப் பொறுக்காது. ஈயம் உருக்குகிற பற்றுக்கோலைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே வந்தார். டின்னைச் சாய்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஒரு டின்னில் மட்டும் கத்தரிக்கன்று பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. மற்ற நான்கையும் பார்த்தார். ஏசுவடியாளும் பார்த்தாள். கொன்றது யார் என்று இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

அவர் கீழே போய்ப் பற்றுக்கோலை வைத்துவிட்டு ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்தார். கன்று செத்த ஒரு டின்னின் மண்ணைக் கொட்டிக் கவிழ்த்து, ஆணியை வைத்து, வைத்தபடியே இருந்தார்.

“ஏட்டி, அடைச்சே பழகுன கை இது. ஓட்டை போட வரமாட்டேங்கு.”

சுத்தியலை வாங்கி அவளே அடித்தாள். வடிகிற தண்ணீர் வீணாகாமல் இருக்க அடியில் பழைய தட்டுகளை வைத்தாள். தட்டில் நிறைவதை எடுத்துத் திரும்பச் செடிக்கே ஊற்றினாள்.

பிறகு போட்ட கன்றுகள் பிழைத்தன, ஆனால் அசுவணிப் பூச்சி விழுந்து சுணங்கிப்போயின. மூலை டின் செடிதான் தளதளவென்று வந்தது. காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் மாடிக்குப் போய் அதன் இலையை முந்தானையால் துடைத்துவிடுவாள். உச்சி வெயிலுக்கு அருமைநாயகத்தின் குடையை விரித்து வைப்பாள். அவர் வெறுந்தலையோடு வேலைக்குப் போவார். முதல் பூ காயானபோது பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். பண்டிகை நெருங்கும்போது ஊதாக் காய்கள் கொத்தாகத் தொங்கின.

பறித்துக் கொண்டுபோனால் இதுவும் கடைக் காய்தானே என்று ஞானபாய் கேட்டுவிட்டால்? வேரோடு, மண்ணோடு, டின்னோடு கொண்டுபோவது என்று ஏசுவடியாள் தீர்மானித்தாள். அருமைநாயகம் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்துவந்தார். கோயிலில் ஜனங்கள் வழிவிட்டார்கள். பூசணிக்காய்களுக்கு நடுவில் பீடத்துக்கு முன்னால் அந்தத் தகர டின் உட்கார்ந்தது. ஞானபாய் கிட்டே வந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தாள்.  ஏசுவடியாளுக்குச் சந்தோஷத்தில் பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரி தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே ஏலம் தொடங்கியது. கோழி போனது, பூசணிக்காய் போனது. அடுத்து டின்னைத் தூக்கினார்கள்.  பீடம் வரைக்கும்தான் ஏசுவடியாள் யோசித்திருந்தாள். அதற்குப் பிறகு அது இன்னொருவர் வீட்டுக்குப் போகும் என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது.

முதல் ஆளாக ஞானபாய் கேட்டாள். அருமைநாயகம் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஞானபாய் ஏற்றிக் கேட்டாள். அவர் மறுபடியும் தூக்கப்போன கையை ஏசுவடியாள் பிடித்து இறக்கினாள்.

“விடுங்க. குடுத்தாச்சு.”

“அழுவுதியேட்டி.”

“தேங்கா குடுத்தப்ப ஒரு வருசமாவது அழுதிருக்கேனா?”

ஏலம் ஞானபாய்க்கு முடிந்தது. அவள் டின்னை மாட்டுவண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு ஏசுவடியாளிடம் வந்து நின்றாள்.  எம்புட்டுத் தண்ணி ஊற்ற வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள்.

ஏசுவடியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“கொஞ்சமா ஊத்துங்கக்கா. அடியில ஓட்டை இருக்கும். ஒழுகுதேன்னு யாருட்டயும் குடுத்து அடைச்சிராதீங்க.”