இடப்பக்க மூக்குத்தி

இன்று கோயில்பட்டிக் கல்யாண மண்டபத்தில் என் மகளின் நாட்டியம். ஒப்பனை அறைக் கண்ணாடியில் தெரிந்த அவளை, கதவோரம் நின்ற கேமராக்காரன் சொல்லாமலே படமெடுத்துவிட்டான். நான் கேட்டதற்கு, “அவியள எடுக்கலக்கா, கண்ணாடியத்தான் எடுத்தேன்” என்றான்.

இதே சொல்லைச் சிறுவயதிலும் கேட்டிருக்கிறேன்.

அம்மா கரகம் ஆடுவாள். கயத்தாறுப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில், ஒப்பனைக்கென்று விட்ட பள்ளிக்கூட அறைக்குள் நின்று, முந்தானையை இறக்கிவிட்டு ரவிக்கை நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கரிசல் புழுதி படிந்த கண்ணாடி. வேர்வையில் குழைந்த ரோஸ் பவுடரின் வாசம். ஜன்னல் வழியே ஒருவன் கண்ணாடியைப் பார்த்துப் படமெடுத்தான். சில நாளில் அது அவன் ஸ்டுடியோ வாசலில் பெரிதாகத் தொங்கியது.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கழற்றச் சொன்னாள்.

“ஒன்னைய எங்க எடுத்தேன்? கண்ணாடியத்தான எடுத்தேன்” என்றான் அவன்.

பக்கத்து டீக்கடையே சிரித்தது. “ஆட்டக்காரி ரோசத்தப் பாருல.”

அம்மா படத்தையே வெறித்தாள். “எம் மூக்குத்தி வலப்பக்கம். இவளுக்கு எடப்பக்கம்லா இருக்கு. இது நானில்ல. ஏட்டி, வா.”

தன் முகத்தையே தனதில்லை என்று சொல்லித்தான் அவள் அந்தத் தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. சிரித்த ஒவ்வொரு வாயின் மேலும் எனக்கு இன்றும் ஆத்திரம் பொங்குகிறது.

இப்போது நான் மறுபடி வாய் திறப்பதற்குள் மகள் சலங்கை அதிர எழுந்து வந்தாள். கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். அவள் வலப்பக்கம் குத்தியிருந்த மூக்குத்தி அதிலும் இடப்பக்கம்தான் இருந்தது.

“இது நான்தான்” என்றாள். “அழிங்க.”