நெற்றியில் வைத்த கை

எட்டாம் வகுப்புக்கு அனிச்சைச் செயலைப் பல வருடம் நடத்தியவள் நான். சூடான பாத்திரத்தில் விரல் பட்டதும் கை தானாகப் பின்வாங்கும், மூளைக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் தண்டுவடமே வேலையை முடித்துவிடும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். விரலிலிருந்து சேதி கிளம்பினால்தான் இதெல்லாம் நடக்கும் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னதில்லை. ஊறுகாய் பாட்டில் உடைந்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

அஸ்தினாபுரம் வீட்டில் அந்தப் பாட்டிலுக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரிசல் இருந்ததைப் பார்க்கவில்லை. எதையும் நின்று பார்க்கிற ரகம் இல்லை நான். கண்ணாடி வலது மணிக்கட்டைக் கிழித்ததில், கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அறுந்துபோனது. டாக்டர் அதைத் தைத்துவிட்டு, "நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மேடம். விரல் நுனி வரைக்கும் போக மாசக்கணக்கா ஆகும். பொறுமையா இருக்கணும்" என்றார். என்னிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசுகிறாரே என்று என் கணவர் சுவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மூன்றாம் மாதம் பள்ளிக்குத் திரும்பினேன். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த அதே பள்ளியில்தான் என் மகள் நான்காம் வகுப்பு படித்தாள். கணவர் சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க விடியற்காலையிலேயே ஓடிவிடுவார். காலை நேரத்தில் நானும் அவளும் குக்கரும்தான்.

அப்படி ஒரு திங்கட்கிழமை. அவளுக்குக் கணக்கு டெஸ்ட்.

"அம்மா, உடம்பு சூடா இருக்கும்மா. தலை வலிக்குது."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நெற்றியில் வைத்தேன். வலது கையை. அவசரத்தில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான் பட்டன. அந்த விரல்கள் மரத்திருப்பது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் குழந்தை காய்ச்சல் என்றதும் எந்தக் கையை நீட்டுவது என்று யார் யோசிக்கிறார்கள்? கை பாட்டுக்குப் போனது.

"ஒரு சூடும் இல்ல. கணக்கு டெஸ்ட்டுன்னா மட்டும் உனக்கு எங்கிருந்துதான் வருமோ காய்ச்சல். பொய் சொல்லிப் பழகாத. கிளம்பு."

அவள் பையை எடுத்து வைத்தாள். உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது பீரியடில் பள்ளி ஆயா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், உங்க பொண்ணு வாந்தி எடுத்துட்டு படுத்துகினு கீது. உடம்பு நெருப்பா கொதிக்குது. காத்தால வூட்ல யாரும் தொட்டுப் பாக்கலியா இன்னா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் கரும்பலகையில் அனிச்சைச் செயல் பாதி வரைந்தபடி நின்றது.

பெஞ்சில் சுருண்டு கிடந்தவளின் நெற்றியில் இடது கையை வைத்தேன். கொதித்தது. அதே இடத்தில் வலது கையின் அந்த மூன்று விரல்களை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. காலையிலும் அந்த விரல்கள் மூளைக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. சேதி வரவில்லை என்று என் மூளை ஒப்புக்கொண்டிருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சூடு இல்லை என்று தானாகவே முடிவு கட்டியிருக்கிறது. நான் அதை நம்பினேன், பெற்ற பிள்ளையை நம்பவில்லை. அப்படி ஒரு அவமானத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

ஆனாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்தவர்களைச் 'சாரி' சொல்ல வைத்தே பழகிய டீச்சர் வாய். ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன், ராத்திரி பக்கத்திலேயே படுத்தேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அதன் பிறகு என் வலது கை அவள் நெற்றிக்குப் போகும்போதெல்லாம், அதை மெதுவாக விலக்கிவிட்டு இடது கையை எடுத்து வைத்துக்கொள்வாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, அரிசிக்குள் ஒளித்து வைத்த பொருளை விரலால் தடவியே இன்னதென்று சொல்ல வேண்டும். ஒளித்து வைப்பது மகளின் வேலை. ரப்பர், பட்டன், கொண்டைக்கடலை, ஹேர்பின். "தப்பு. மறுபடி தேடு" என்பாள். என்னைவிடக் கறாரான டீச்சர். புதிதாக வளர்ந்த நரம்பு இழைகள் இடம் மாறிப் போயிருந்ததால், ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தெரிந்தது. வீடு மாறிப் போனவருக்கு வரும் கடிதம் பழைய விலாசத்துக்கே போவது மாதிரி. எது யாருடையது என்று மூளைதான் திரும்பப் படிக்க வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். மாதக்கணக்கில் அரிசிக்குள் துழாவினேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல். அக்குளில் தெர்மாமீட்டரோடு படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நானாகவே இடது கையை நீட்டினேன். அவள் அதை விலக்கினாள். என் வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்கள் படும்படி நெற்றியில் வைத்தாள்.

"கண்ண மூடு. இப்ப சொல்லு."

மூடினேன். சூடு வந்தது. ஆள்காட்டி விரலில் பட்டது நடுவிரலில் தெரிந்தது, கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது, ஆனால் வந்தது.

"இருக்குடி. நூத்தி ஒண்ணு இருக்கும்."

தெர்மாமீட்டரை எடுத்துத் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "நூத்தி ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள். "பாஸ்."

கண்ணைத் திறந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மூடியபடியே சொன்னேன். "அன்னிக்கும் நீ பொய் சொல்லலடி. நான்தான் உன்ன நம்பல. என்ன மன்னிச்சிடு."

தெர்மாமீட்டரை டப்பாவில் போட்டு மூடினாள்.

"தெரியும்மா" என்றாள். "கைய எடுக்காத. சில்லுனு இருக்கு."