பெட்டிசமும் பதுளை ரயிலும்

கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத்தில் அரசாங்கப் பெர்மிற்றில் காணி பெற்ற மயில்வாகனத்துக்கு 1955ஆம் ஆண்டு முப்பது வயது. குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, வாய்க்கால் தண்ணீருக்காக அயலாரோடு மண்வெட்டி தூக்கியதும் இல்லை. ஆனால் பங்குனியில் காலபோக நெல்லை அடித்து வீட்டில் சேர்த்ததும், வெள்ளைச் சேட்டுகள் இரண்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளிநொச்சி ஸ்ரேசனுக்குப் போய்விடுவார். திரும்பி வர மூன்று கிழமை ஆகும். எதற்குப் போகிறீர் என்று கேட்டால், "பார்க்க" என்பார்.

"ஆரைப் பார்க்க?" என்று ஊர் கேட்டது.

செத்தவீடு, கலியாணம், வழக்கு, வைத்தியம், கோயில் நேர்த்தி. இவற்றில் ஒன்றும் இல்லாமல் ஒரு மனிதன் ரயில் ஏறியதை அங்கே எவரும் கண்டதில்லை. அடுத்த காணிக்காரர் ஏரம்பர் வேலியடியில் நின்று யாருக்கோ சொன்னது, மயில்வாகனத்தின் மனைவி அருந்ததியின் காதிலும் விழுந்தது.

"கள்ளத் தங்கம், இல்லாட்டில் கள்ளப் பெண்சாதி. தங்கமெண்டால் இவளின்ர கழுத்தில காணவேணுமே!"

அருந்ததியின் கழுத்தில் தாலிக்கொடி மட்டும்தான் இருந்தது.

கலியாணமாகி மூன்று வருடம். முதல் வருடமே அவர் காரணம் சொல்லியிருந்தார். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கிளாக்கர். பென்சன் எடுத்த பிறகு பார்க்க வேண்டிய இடங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாராம். பென்சன் வந்த வருடம் இரண்டு கண்ணும் போய்விட்டது. கதிரையில் இருந்தபடி, அந்தக் கொப்பியை மகனைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்பாராம்.

"எனக்குப் பென்சனும் இல்லை. கண் இருக்கேக்கை பார்த்திட வேணும்," என்றார் மயில்வாகனம்.

அருந்ததி அந்த வருடம் நம்பினாள். அடுத்த வருடம் யோசித்தாள். இவ்வளவு நல்ல காரணம் ஒருவருக்கு இயல்பாக வாய்க்காது. இருந்து யோசித்துத் தயாரித்தால்தான் வரும். அந்த முறை அவர் திரும்பி வந்தபோது, தோய்க்கப்போட்ட சேட்டுப் பையில் காய்ந்த ஊதாப் பூ ஒன்று இருந்தது. ஆம்பிளை தனக்காகப் பூப் பறிப்பானா? பூவை அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கேட்டால் இன்னொரு நல்ல காரணம் வரும் என்று கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் அவர் போன மறுநாளே கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நடந்தாள். மனேச்சர் தவராசாவுக்கு இங்கிலீசு தெரியும்.

"அண்ணை, அரசாங்கத்து ஆள் ஒராள் வந்து, இந்த மனுசன் எங்கை போறாரெண்டு ஒருக்கால் வெருட்டிக் கேட்டால் போதும்."

"அதுக்கென்ன தங்கச்சி, மொட்டைப் பெட்டிசம் ஒண்டு போடுவம். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். காணிக் கந்தோருக்குப் போட்டால் ஓடி வருவாங்கள்."

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேறிய சனம் விதைநெல்லோடு கொண்டுவந்த பழக்கம் அது. எதிரிக்கும் போடுவார்கள், சொந்தக்காரனுக்கும் போடுவார்கள். பேரில்லாத கடிதத்தால் தமக்குக் கெடுதல் வரும் என்று ஒருவரும் நினைப்பதில்லை. தவராசா இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதினார். அவள் சொன்னது மூன்று வசனம். இங்கிலீசில் நீளமாகத்தான் வரும் போலும் என்று எண்ணிக்கொண்டு தபாலில் போட்டாள்.

பத்தாம் நாள் பதுளையிலிருந்து தபாலட்டை வந்தது. "சுகம். இங்கே மழை. வெள்ளி வரை கோயில் மடத்தில் நிற்பேன்." முதல் வரி நீல மை, மற்றவை கறுப்பு மை. அந்த இரண்டாவது பேனை யாருடையது?

அடுத்த நாள், புதன்கிழமை, காணிக் கந்தோர் உத்தியோகத்தர் பரமலிங்கம் வந்தார். பெட்டிசத்தை விரித்துத் தமிழில் சொன்னார்: "பெர்மிற்காரர் காணியில வசிக்கிறேல்லை. வேறிடத்தில குடும்பமாய் இருக்கிறார். காணியை எடுத்துத் தகுதியான ஒருவருக்குக் குடுக்கவும்."

அவள் இதில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்கவில்லை. தவராசாவின் தம்பி காணி கேட்டு எழுதிப்போட்டு இரண்டு வருடமாகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"திங்கட்கிழமை விசாரணை. ஆள் இஞ்சை நிக்கவேணும், பிள்ளை. நிக்காட்டில் பெர்மிற் போயிடும்."

தந்தி அடித்திருக்கலாம். ஆனால் தந்தி போனால் அவர் உசாராகிவிடுவார், மற்றவளும் ஒளிந்துவிடுவாள். அருந்ததி தானே வெளிக்கிட்டாள். வியாழக்கிழமை அவள் ஸ்ரேசனுக்கு நடக்கும்போது ஏரம்பர், "இப்ப பெண்சாதியும் துவங்கியிட்டா," என்றார்.

பொல்காவலையில் இறங்கிப் பதுளை ரயிலுக்கு மாறியபோது ஏறியவர்களையெல்லாம் சந்தேகித்தாள். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். விடிந்தபோது ரயில் மலைச்சரிவில் ஊர்ந்து கொண்டிருந்தது. சுரங்கங்கள் வந்தன. இருட்டுக்குள் ரயில் புகுந்தபோதெல்லாம் தாலிக்கொடியைப் பொத்திப் பிடித்தாள்; வெளிச்சம் வந்ததும் யன்னலால் எட்டிப் பார்த்தாள். தண்டவாள ஓரம் முழுக்க அந்த ஊதாப் பூ. கை நீட்டினால் பறிக்கலாம். அப்படியென்றால் பூவுக்கு விடை கிடைத்துவிட்டது. பேனைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பதுளைக் கோயில் மடத்து முற்றத்தில் மயில்வாகனம் சாரம் காயப்போட்டுக் கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் வெளிறியது.

"ஆர் செத்தது?"

"எங்கை அவ?"

"எவ?"

அறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். பாய்க்கு அடியில் பார்த்தாள். மடத்துப் பதிவுக் கொப்பியோடு நூலில் கட்டியிருந்த கறுப்பு மைப் பேனையைத் தாண்டிக் குசினிக்குள் போனாள். எழுபது வயது மதிக்கத்தக்க கிழவி ஒருத்தி தேங்காய் துருவுவதை விட்டு நிமிர்ந்தாள். அருந்ததி திரும்பிப் பார்த்து, "உவவோ?" என்றாள்.

"உனக்கென்ன விசரே?"

காணிக் கதையைச் சொன்னாள். எழுதுவித்தது யார் என்பதைச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அதையே கேட்டார்.

"ஏரம்பற்ற வேலைதான்."

"அது இங்கிலீசிலயெல்லோ எழுதியிருக்கு."

"அந்தாளுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு ஆர் கண்டது?"

அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பின்னுக்குப் பார், ரயிலின்ரை வால் தெரியும்," என்று வளைவொன்றில் அவர் காட்டினார். தெரிந்தது. காணி போனால் இதற்கும் இனி வழியில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை சங்கக்கடை வாசலில் விசாரணை. அரை ஊர் கூடியிருந்தது.

"எதுக்குப் போறனீர்? பிள்ளைக்காக நேர்த்தியோ?" பரமலிங்கம் தப்ப வழிவிட்டுத்தான் கேட்டார்.

"இல்லை ஐயா. இடங்கள் பார்க்க."

சனம் சிரித்தது. தவராசா முன்னுக்கு வந்தார். "மூண்டு வருசமாய் உதே கதைதான், ஐயா. அங்காலை குடும்பம் இருக்கெண்டு ஊருக்கே தெரியும்."

பரமலிங்கம் பேனையைத் திறந்தார்.

"எழுதாதேங்கோ ஐயா," என்றாள் அருந்ததி. "அந்தப் பெட்டிசம் என்ரை. நான்தான் எழுதுவிச்சனான். மனுசன் எங்கை போறாரெண்டு விசாரிக்கச் சொன்னனானே ஒழிய, காணி எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. எழுதினவர் உதிலதான் நிக்கிறார். அவற்றை தம்பி காணிக்குப் போட்டிருக்கிறாரோ எண்டு கேளுங்கோ."

தவராசா கடைக்குள் எதையோ எடுக்கப் போனார். அன்று முழுக்க வெளியே வரவில்லை.

"அப்ப மற்றக் குடும்பம்?"

"நான் போய்த் தேடினனான் ஐயா. குசினி வரைக்கும் தேடினனான். ஒருத்தரும் இல்லை."

பெர்மிற் தப்பியது. இனிப் போவதானால் முன்கூட்டிக் கந்தோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பரமலிங்கம் போனார். வாய்க்கால் கட்டு வழியே இருவரும் ஆளுக்குப் பின் ஆளாக நடந்தார்கள். மயில்வாகனம் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்.

"ஏரம்பரைச் சும்மா பிழையாய் நினைச்சிட்டன்."

அந்தச் சிறுபோக நெல் வெட்டி முடியும் வரை அவர் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினார். அவள் சங்கக்கடைக்குப் போனால் தானும் கூடப் போய் வாசலில் நின்றார்.

மறு பங்குனியில் கந்தோருக்குக் கடிதம் எழுதினார், தமிழில். எழுதியதைத் தானே வாசித்துக் காட்டினார். அருந்ததி கையை நீட்டி வாங்கி, தானும் ஒருமுறை வாசித்தாள். "நானும் மனைவியும்" என்றுதான் இருந்தது.

"எங்கையெண்டு போடேல்லையே?"

"இறங்கின பிறகு தெரியும்," என்று கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு, தபால்பெட்டிக்குத் தானே சைக்கிளில் போனார்.